நான் காவல் காத்த கப்பல்

மருமகள் ஜெயந்தி மத்தியானத்தில் ஆபீசிலிருந்து வீட்டுக்கு வருகிறவள் அல்ல. அன்று வந்தாள். ஸ்கூட்டரை வாசலில் குறுக்காக நிறுத்தினாள். செருப்போடு முன்னறைக்குள் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஹெல்மெட்டுக்குள்ளேயே அழத் தொடங்கினாள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டுக்குள் அழுகிற சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. குடத்துக்குள் பேசுவதுபோல இருந்தது.

என் மகன் சரவணன் சரக்குக் கப்பலில் இரண்டாம் இஞ்சினியர். கப்பல்காரன் மனைவி இப்படி வந்து உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. கீரைத் தட்டு மடியிலிருந்து சரிந்து விழுந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா. தாண்டிட்டாவ."

"எதத் தாண்டிட்டான்?"

"செங்கடல் வாசல. இப்பத்தான் மெசேஜ் வந்துச்சு. நல்லா இருக்காவ."

எனக்குப் புரியவில்லை. செங்கடல் பக்கம் ஏவுகணை விழுந்துகொண்டிருந்த காலம் அது. என் மகன் அங்கே இல்லை என்பதில்தான் என் நிம்மதியே இருந்தது. பொறுமையாகச் சொன்னேன்.

"அவன் கப்பல் பிரேசில்லலா நிக்கிது? காலையில கூடப் போன்ல பாத்தேன். நாலு நாளா சீனி ஏத்துதான்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது.

"அவிய அந்தக் கப்பல்லயே இல்ல மாமா," என்றாள்.

எண்ணுகிற வேலை

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக என் வேலையைப் பற்றி மறுபடியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தூத்துக்குடி ஹார்பரில் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு மூட்டை எண்ணப் போனவன். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். கிரேனின் ஒரு தூக்குக்கு எத்தனை மூட்டை, எத்தனை தூக்கு, கிழிந்தது எத்தனை, நனைந்தது எத்தனை.

கப்பல் தரப்பில் ஓர் ஆள் எண்ணுவார். கரைத் தரப்பில் ஓர் ஆள் எண்ணுவார். ஷிப்ட் முடிகிறபோது இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துப் போனால் டீ. ஒத்துப் போகாவிட்டால் சண்டை, அப்புறம் டீ.

எண்ண முடியாத சரக்கு எனக்குப் பிடிக்காது. பாஸ்பேட் தூள், நிலக்கரி எல்லாம் அப்படிப்பட்டவை. கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது ஜோசியம் பார்ப்பதுபோல இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. லெவல் கிராசிங்கில் நிற்கும்போது கண்டெய்னர் லாரிகளை எண்ணுவேன். கோயிலில் விளக்கு, கல்யாண வீட்டில் பந்தி, எதிர்வீட்டுக் கம்பியில் காக்கை. எண்ணிவிட்டால் அது என் பொறுப்பில் வந்துவிட்டதுபோல ஓர் எண்ணம். ஒன்று குறைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

இப்படிப்பட்டவன் கையில் கப்பல்களைக் காட்டும் ஆப் ஒன்று கிடைத்தால் என்ன ஆகும்?

பாலைவனத்தில் நின்ற கப்பல்

இது நடந்தது சரவணனின் முந்தைய பயணத்தில்.

அந்த ஆப்பில் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறிகளாகத் தெரியும். தொட்டால் பெயர், வேகம், திசை. மகனின் கப்பல் செங்கடலை நெருங்கியதும் நான் போனைக் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போகும்போது மட்டும் சோப்புப்பெட்டிப் பக்கத்தில் வைத்தேன்.

செங்கடலின் தெற்கு வாசல் ஒரு குறுகலான நீர்ச்சந்தி. என் நண்பன் சாகுல் காயல்பட்டினத்துக்காரன். கப்பல் தரப்பில் நின்று எண்ணியவன் அவன்தான். முப்பது வருடம் எதிரெதிரே நின்று சண்டை போட்டிருக்கிறோம். அந்த இடத்தின் அரபிப் பெயருக்குக் கண்ணீர் வாசல் என்று பொருள் என்று டீக்கடையில் அவன்தான் சொன்னான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"ஓய் கணக்கு, அது எந்தக் காலத்துலயோ வச்ச பேரு. இப்ப அங்கன எவனும் அழுவல," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

அந்த வாசலை நெருங்கும் கப்பல்கள் தங்கள் இருப்பிடம் காட்டும் கருவியைச் சில நேரம் அணைத்துவிடும். கடலில் இருக்கிறவர்களுக்கு அது பாதுகாப்பு. கரையில் இருக்கிறவனுக்கு அம்புக்குறி மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். மகனின் கப்பல் ஒரு காலையில் மறைந்தது. மறுநாள் மறுபடியும் தோன்றியது. தோன்றிய இடம் கடல் இல்லை. கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, அரேபியப் பாலைவனத்தின் நடுவில், கப்பல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பகுதியில் யாரோ சிக்னல்களைக் குழப்புகிறார்கள், அதனால் கப்பல்கள் இருக்கிற இடம் தப்பாகத் தெரிகிறது என்பது பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரியாது. கப்பலை யாரோ கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்றே முடிவு செய்தேன். பாலைவனத்துக்குள் கப்பலை எப்படிக் கடத்துவது என்று அந்தக் கணித மூளை ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மும்பையில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண், கப்பல் நலமாக இருக்கிறது என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றாள். ஒரே நாளில் ஆறு முறை கேட்டேன். ஆறாவது முறை, "அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதோடு நிற்கவில்லை. ஜெயந்தி வேலை பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் ஆபீசுக்கே ஆட்டோ பிடித்துப் போனேன். ஏற்றுமதிச் சரக்குக்கு ஆவணம் தயாரிப்பது அவள் வேலை. கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போதே போனை நீட்டி, "ஜெயந்தி, இங்கன பாரு, கப்பல் தரையில நிக்கிது," என்றேன்.

அவள் நாற்காலியிலிருந்து அப்படியே சாய்ந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

மூன்றாம் நாள் சரவணன் போன் செய்தான். ஒன்றும் நடந்திருக்கவில்லை. கப்பலில் வடை போட்டார்களாம்.

கயிறு பிடிக்கிறவன்

ஹார்பரில் என்னோடு வேலை பார்த்த பர்னாந்து என்பவரின் குடும்பத்தில் பழைய தலைமுறையினர் முத்துக் குளித்தவர்கள். முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டது. சங்கு எடுக்க மட்டும் இன்னமும் சிலர் மூழ்குகிறார்கள். அவர் வீட்டில் கேட்டு வளர்ந்த விஷயங்களைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார்.

மூழ்குகிறவனின் கயிற்றைத் தோணியிலிருந்து ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது மச்சானாக இருக்கும். கீழே போனவனுக்கு ஏதாவது ஆனால் தாலி அறுப்பது இவன் கூடப்பிறந்தவள். அதனால் கவனமாகப் பிடிப்பான் என்று அந்த ஏற்பாடு.

"ஆனா பயந்த மச்சான் ஆவாது சார்," என்பார் பர்னாந்து. "கீழ உள்ளவன் கயித்த அசைச்சாத்தான் இழுக்கணும். இவன் பயந்துபோயி முன்னாலயே இழுத்தாம்னா அவன் வெறுங்கையோட வருவான். வந்து கெட்ட வார்த்தையில ஏசுவான்."

"அசைக்கவே இல்லன்னா?" என்று நான் கேட்டேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "அதயே யோசிக்கிற ஆளு கையில கயித்தக் குடுக்கவே மாட்டாவ சார்."

அன்று மீதிச் சாப்பாட்டை நான் சாப்பிடவில்லை. அசைக்காதவன் என்ன ஆனான் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொக்கும் கூழைக்கடாவும்

மறுபடியும் முன்னறைக்கு வருகிறேன். ஜெயந்தி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கம்பெனிக் கப்பல்களுக்குப் பெயரின் முன்பாதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பின்பாதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவை. இந்தப் பயணத்துக்குப் போகும்போது சரவணன் என்னிடம் சொன்னது கொக்குக் கப்பல். அவன் ஏறியது கூழைக்கடா. கொக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் போயிற்று. கூழைக்கடா நேராகச் செங்கடலுக்குள் போயிற்று.

"யாரு யோசன இது?" என்றேன்.

"என் யோசனதான் மாமா. ஒரே கம்பெனி, பேரும் பாதி ஒண்ணு. எந்தக் கப்பல் எங்க போவுதுன்னு எங்க ஆபீஸ்ல தெரியும்லா? நல்லா தூரமாப் போறதாப் பாத்து எடுத்தேன்."

"அவன் சரின்னானா?"

"மொதல்ல ஒத்துக்கிடல. நான்தான் சொன்னேன். கடலக்கூடத் தாங்கிருவேன், உங்க அப்பாவத் தாங்க முடியாதுன்னு." பிறகு, "கோவிச்சிக்கிடாதிய," என்றாள்.

கோபம் வந்தது. கீரையை ஒவ்வொரு ஈர்க்காகப் பொறுக்கித் தட்டில் போட்டேன். இருபத்தேழு ஈர்க்கு. பொறுக்கி முடிப்பதற்குள் கோபம் வேறு என்னவோ ஆகிவிட்டது.

எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அடுத்தடுத்த தளத்தில் இரண்டு கப்பல் நிற்கும். புது ஆள் தனக்குக் கொடுத்த கப்பலை விட்டுவிட்டுப் பக்கத்துக் கப்பலின் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பான். ஒரு மூட்டை பிசகியிருக்காது. எண்ணிக்கை சுத்தம், கப்பல் தப்பு. அப்படி எண்ணியவர்களை வருடக்கணக்கில் கேலி செய்திருக்கிறோம்.

நான் கொக்கை அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அது எந்த அட்சரேகையில் போகிறது, எத்தனை நாட் வேகம் என்று டீக்கடையில் சாகுலிடம் பெருமையாகச் சொன்னேன். மகன் பாதுகாப்பான வழியில் போகிறான் என்று நன்றாகத் தூங்கினேன். நான் அப்படித் தூங்கிய நாட்களில்தான் அவன் அந்த வாசலுக்குள் நுழைந்திருக்கிறான்.

அந்த நாட்களில் ஜெயந்தி எனக்கு இட்லி வைத்தாள், ஆபீஸ் போனாள், வந்தாள், துணி மடித்தாள். ஒரு நாள் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. கவனமாகச் செய்யக்கூடாதா என்று கேட்டேன். "மறந்துட்டேன் மாமா," என்றாள். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது.

முந்தைய பயணத்தில் என்னிடம் இருந்த கவலை முழுவதையும் அந்தக் கப்பலின் மேல் ஏற்றினேன். கப்பல் கடந்தது. இந்தப் பயணத்தில் ஒரு துளிகூடக் கவலைப்படவில்லை. கப்பல் கடந்தது. கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் விடை ஒன்றாக வருகிறது என்றால், அந்த எண்ணுக்குக் கணக்கில் வேலை இல்லை என்று பொருள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரிகிற விஷயம். எனக்கு அதில் ஆறுதல் இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. அத்தனை வருடம் நான்தான் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு கேள்வி

கதை அங்கே முடியவில்லை. கூழைக்கடா செங்கடலின் வடக்கு மூலையில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு அதே வாசல் வழியாகத் திரும்பி வர வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஜெயந்தி காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமா, அவிய திரும்பி வாரப்போ உங்ககிட்ட சொல்லணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தாண்டின பெறவு சொல்லுதேன்."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கவலைகள் எல்லாம் கேட்காமலே வந்தவை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

டீக்கடையில் சாகுலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முதலில் சிரித்து முடித்தான். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கொக்குக்குக் காவல் இருந்தீராக்கும்!"

"சிரிக்காத வே. உம்ம மவன் மூணு பேரும் துபாய்லதான இருக்கானுவ. உமக்குக் கவலையே இல்லையா?"

"மூணு பேரு தலைக்கு மேலயும் மிசைல் போவுதுன்னு டிவில சொல்லுதான். நான் காயல்பட்டினத்துல இருந்து குடை பிடிக்கவா?" என்றான். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, டீயில் நுரையே இல்லை, நேற்றும் இல்லை, இப்படியே போனால் என்ன ஆகும் என்று கால்மணி நேரம் கவலைப்பட்டான்.

குடை விஷயம் சரிதான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனதில் ஓடியது அது இல்லை. உப்பு அதிகமான சாம்பார். சொல்ல வேண்டாம் என்றால் நான் நிம்மதியாக இருக்கலாம். அந்த நாட்களை மறுபடியும் அவள் ஒருத்தியாகத் தள்ள வேண்டும், என் குறைகளையும் கேட்டுக்கொண்டு.

"சொல்லும்மா," என்றேன் அன்று மாலை. "ஆனா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். போனையும் பாக்க மாட்டேன்."

"நீங்க கேக்காம இருப்பியளா?"

"பாப்போம்."

அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆப்பைப் போனிலிருந்து எடுக்கச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். எடுத்துவிட்டாள். அடுத்த சில நாள் விரல் அந்த இடத்தைத் தேடிப் போயிற்று. அங்கே இப்போது பஞ்சாங்கம் இருந்தது. ராகுகாலம் பார்த்துவிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு காலை இட்லி வைக்கும்போது ஜெயந்தி சொன்னாள். "இன்னைக்குத்தான் மாமா. மத்தியானத்துல இருந்து போன் கிடைக்காது."

"சரிம்மா," என்றேன்.

எத்தனை மணிக்கு நுழைகிறது, எத்தனை மணி நேரம் ஆகும், கூட எத்தனை கப்பல், காவலுக்குக் கடற்படை உண்டா. நான்கு கேள்விகள் தொண்டை வரை வந்தன. சட்னியோடு விழுங்கினேன்.

மார்க்கெட்டுக்குப் போய்ச் சாளை வாங்கி வந்தேன். நானே உட்கார்ந்து ஆய்ந்தேன். மீன் ஆயும்போது வேறு நினைப்பு வந்தால் விரல் போய்விடும், அதனால் வரவில்லை. குளித்தேன். ஜெயந்தி குழம்பு வைத்தாள். சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது, அதைச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்தாள். அவள் போன் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் குழம்பைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

பிறகு கட்டிலில் சும்மா படுத்தேன். என் கையில் இல்லாத ஒன்றை எவ்வளவு நேரம் பார்க்காமல் இருக்க முடியும் என்று பார்ப்பதுதான் திட்டம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, ஜெயந்தி என் தோளைப் பிடித்து உலுக்கியது. வெயில் இறங்கியிருந்தது.

பதறி எழுந்தேன். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. இன்னும் மெசேஜ் வரல." அவள் முகம் சிவந்திருந்தது. "எப்படி மாமா உங்களுக்குத் தூக்கம் வருது? நான் இங்க உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க கொறட்ட விடுதிய. உங்களுக்குக் கவலையே கிடையாதா?"

எழுந்து முகம் கழுவி, இரண்டு பேருக்கும் டீ போட்டேன். வெகு காலத்துக்குப் பிறகு போட்டதால் இனிப்பு தூக்கலாகிவிட்டது. அவள் குடித்தாள். குடித்துக்கொண்டே பேசினாள். எனக்குத் தெரியாமல் அவன் உள்ளே போன அந்த நாட்களில் ஆபீசில் எந்த மேஜையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள், யாரிடமும் சொல்லாமல் எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டாள், எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நான்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

விளக்கு வைத்த பிறகு போன் அடித்தது. மெசேஜ் இல்லை, அவனே பேசினான். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாண்டியாச்சு. ஒரு பிரச்சனையும் இல்ல. அப்பா எப்படி இருக்காவ? ரொம்பப் படுத்துதாவளா?"

"அத ஏன் கேக்கிய," என்றாள் ஜெயந்தி. "இன்னைக்குன்னு தெரிஞ்சும் மத்தியானம் பூரா நல்லா தூங்குதாவ. கொறட்ட."

இணைப்பு போய்விட்டதோ என்று அவள் போனைத் தட்டினாள்.

"யாரு, எங்க அப்பாவா?" என்றான் சரவணன். "மத்தியானத்துலயா? ஏளா, அவியளுக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதா? நல்லா பாத்தியா? வேர்த்துச்சா? மொதல்ல பிரஷர் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

"ஏலே, எனக்கு ஒண்ணுமில்லலே," என்றேன். அவன் கேட்கவில்லை.

ஜெயந்தி அலமாரியிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்து வந்தாள். நான் கையை நீட்டினேன். பட்டையைச் சுற்றினாள். மிஷின் முனகியது, இறுகியது, மெதுவாகத் தளர்ந்தது. அவள் எண்ணைப் படித்து அவனுக்குச் சொன்னாள். "நல்லாப் பாத்தியா, இன்னொரு தடவ பாரு," என்று செங்கடலுக்கு அப்பாலிருந்து அவன் வற்புறுத்தினான்.

இன்னொரு தடவை பார்த்தாள். எவ்வளவு என்று நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.